ஒலிப் பாடமும் ஒரு ஒப்பாரியும்

வெண்கட்டித் தூள் மூக்கில் ஏறி இன்னும் தும்மல் வருகிற புது ஆசிரியர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எனக்குத் தும்மல் நின்று வெகுகாலம். ஓய்வு கொடுத்து வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் காலையானால் உள்ளங்கை அரிக்கிறது, எதையாவது பிடித்து மணி அடிக்கச் சொல்லி. வீட்டில் கிடைப்பது பால் போத்தல்காரனின் தலைதான்.

நீங்கள் இப்போது குழுவாய் உட்கார்ந்து பாடம் திட்டமிடுகிறீர்களாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. கேலி இல்லை, சத்தியமாய்க் கேலி இல்லை. நாங்களும் அப்படி உட்கார்ந்தவர்கள். அதற்கு அப்போது அரசாங்கப் பெயர் கிடையாது, சுற்றறிக்கை கிடையாது. வட்டகொடை ரயில் நிலையத்தில் ஒரு நீளப் பெஞ்சு இருந்தது. சனிக்கிழமை இருந்தது. நாங்கள் மூன்று பேர் இருந்தோம்.

மூவருமே ஒற்றை ஆசிரியர்கள். ஒரு தேயிலைத் தோட்டம், ஒரு அறை, ஒரு ஆள், அந்த அறைக்குள் எல்லா வகுப்பும். ஒரு வரிசைக்கு அ எழுதிக் காட்டும்போதே இன்னொரு வரிசை வகுத்தலில் மாட்டிக்கொண்டு அழும். பேச ஆள் கிடையாது. லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஜனங்களுக்கு நாங்கள் உத்தியோகத்தர். தோட்டத்து உத்தியோகத்தர்களுக்கு நாங்கள் லயத்து ஆள். நடுவில் நின்று மழையைப் பார்க்கிற உத்தியோகம்.

சந்தைக்குப் போக ரயிலுக்குக் காத்திருந்த ஒரு சனிக்கிழமை, திரேசம்மா டீச்சர் தானாகப் புலம்பினார். பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் அவருடையது. கத்தோலிக்கர், எதற்கும் சிலுவை போட்டுக்கொள்வார், சிரிப்பதற்கு முன்னால்கூட.

"இந்தப் புத்தகத்துல கடல் பாடம் வருதே, ஒங்க ஸ்கூல்ல எப்பிடிங்க நடத்துறீங்க?"

"நான் அந்தப் பக்கத்தத் தாண்டிப் போயிருவேன்" என்றேன்.

பெஞ்சின் மறுமுனையில் குடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். "நானும் தாண்டிருவேங்க. ஆனா எனக்கொரு சந்தேகங்க. கடலுன்னா அது எந்தப் பக்கமாப் பாயும்?"

அவர்தான் சந்தேகம் மாஸ்டர். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதை யாரும் பயன்படுத்தவில்லை, அவரே மறந்திருக்கக்கூடும். பூண்டுலோயாப் பக்கத்து ஆள். பள்ளத்தாக்குக்கு அந்தப்புறம், எங்களுக்கு நேர் எதிர்மலையில் அவர் பள்ளிக்கூடம்.

மூன்று பேரும் ஒரே பாடத்தை ஒளித்துவைத்திருக்கிறோம் என்று தெரிந்தபோது வந்த சிரிப்பில், சந்தைக்குப் போகிற ரயிலை விட்டுவிட்டோம். திரேசம்மா டீச்சர் தலைமன்னாரில் கடலைப் பார்த்தவர். அவர் எங்கள் இருவர் பள்ளிக்கூடத்துக்கும் வந்து கடல் நடத்தினார். அதற்குப் பதிலாக நான் அவர் பிள்ளைகளுக்கு வகுத்தல் நடத்தினேன். அதிலிருந்து சனிக்கிழமைதோறும் பெஞ்சு. காலையில் தொழிலாளரைக் கூட்டி இன்றைக்கு யார் எந்த மலைக்கு என்று வேலை பிரிப்பதைத் தோட்டத்தில் பெரட்டு என்போம் அல்லவா, எங்கள் கூட்டத்துக்கு நாங்கள் வைத்த பெயர் வாத்தியார் பெரட்டு.

பெரட்டில் நாங்கள் செய்த பெரிய காரியம், புத்தகத்தைப் பிரித்துப் போட்டு மலைக்கு ஏற்ற மாதிரி அடுக்கியது. எங்கோ சமவெளியில் இருந்துகொண்டு யாரோ எழுதிய வரிசை அது. மழை மாதத்தில் நிழலை அளக்கச் சொல்லும். எங்கள் மழை மாதத்தில் நிழல் ஏது, ஆளே தெரியாது! நிழலை வெயில் காலத்துக்கு நகர்த்தினோம். இலைப் பாடத்தைக் கொழுந்து கொட்டுகிற மாதத்துக்கு இழுத்தோம். அந்த மாதம் பிள்ளைகள் பாதிப் பேர் தாய் பின்னால் மலையில்தான் நிற்பார்கள்; பாடமும் அங்கேயே நிற்கட்டுமே. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பெஞ்சு குலுங்கும். தனியாக இருந்தபோது எனக்குக் கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி இருந்தது. மூவராக ஆனதும் வாய்க்குச் சிறகு முளைத்தது. அந்தப் பரவசம் ஆபத்தானது தம்பிகளே, தங்கைகளே. அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

என் பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம் ஒரு குழந்தை பிறந்திருந்தது. ஐந்தாம் வகுப்பு. எங்கள் தோட்டத்தில் அதுவரை நாலோடு சரி. நாலு முடித்த பிள்ளை மறுநாள் கூடையைத் தலையில் மாட்டும். நான் தொரையின் பங்களாவுக்கு நடந்து நடந்து, செருப்பு தேய்ந்து, கடைசியில் அவர் ஒரு சுருட்டுக்கும் இன்னொரு சுருட்டுக்கும் நடுவில் ஒரு வாக்கு கொடுத்தார். தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் தொரை. அவர் தமிழ் முழுக்க அதட்டலால் செய்தது.

"இந்த வருசம் பாக்கிறது. ஒரு தொல்ல வந்தா, அஞ்சாங்கிளாஸ் மலைக்குப் போறது. தெரியுதா?"

தெரிந்தது. வகுப்பில் கைவிரலுக்குள் அடங்குகிற பிள்ளைகள். அவர்களில் பூங்காவனம் என்று ஒருத்தி, கேள்வி கேட்டே என்னைக் கொல்வாள். அவள் தாய் மாரியாயி கொழுந்து பறிக்கிறவர். லயத்தில் கல்யாணமோ சாவோ, அவர் குரல்தான் முதலில் கேட்கும். "எம்மக கூடைய மாட்டுனா ஒங்க தலையிலதான் மாட்டுவேன், டீச்சரம்மா" என்று பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டே ஒரு நாள் சொல்லிவிட்டுப் போனார். அது கெஞ்சலா மிரட்டலா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்படியாக, பங்குனி பிறந்தது. வானம் கழுவிவிட்ட பீங்கான் மாதிரி. பள்ளத்தாக்குக்கு அந்தப்புறம் மரத்தில் ஏறுகிற ஆள்கூடத் தெரிகிற காலை. ஒலிப் பாடத்தை இடி முழங்குகிற மாதத்திலிருந்து பிடுங்கி இங்கே நட்டிருந்தோம். வெளிச்சம் முதலில் வரும், சத்தம் பின்னால் வரும் என்பது பாடம்.

"வாயால சொல்லிக் குடுக்கிறத விட, இங்கேருந்து அங்க காட்டிட்டா என்ன?" என்றேன் நான்.

பெஞ்சில் தீப் பிடித்தது. சந்தேகம் மாஸ்டர் எதிர்மலைப் பாறையில் நின்று தப்பு மேளம் அடிப்பார். அவர் பக்கத்தில் அவர் மாணவன் ஒருவன் பிடித்த கம்பில் வெள்ளைத் துணி. ஒவ்வொரு அடிக்கும் துணி சட்டென்று இறங்கும். இந்தப் பக்கம் என் பிள்ளைகளும் திரேசம்மா டீச்சரின் பிள்ளைகளும் என் பள்ளிக்கூடத்துக்கு மேலே உள்ள பாறையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். துணி இறங்கும், அப்புறம் சத்தம் வரும்! மூன்று பள்ளிக்கூடத்துக்கும் ஒரே பாடம், ஒரே காலை, ஒரே மலைவெளி!

"எனக்கொரு சந்தேகங்க" என்றார் மாஸ்டர். "மூடுபனி ஏறிருச்சுன்னா?"

"பத்து மணிக்கு முந்தியே முடிச்சிரலாம்" என்றேன்.

"காத்து எதிர்த்து அடிச்சா?"

"பங்குனியில ஏதுங்க காத்து?"

"துணி அழுக்கா இருந்து தெரியாமப் போச்சுன்னா?"

"எங்க கோயில் பீடத்துத் துணிய நான் கேட்டு வாங்கித் தாரேன்" என்றார் திரேசம்மா டீச்சர், சிலுவை போட்டுக்கொண்டு.

"அப்பறம் ஒரு சந்தேகங்க. பிள்ளைக கண்ண மூடிக்கிட்டா?"

"அப்ப அதுகளுக்கு நேரா மோட்சந்தான் மாஸ்டர்! போதும், விடுங்க" என்றார் டீச்சர்.

கவனித்தீர்களா? நாங்கள் அசட்டையாய் இருக்கவில்லை. பனி, காற்று, துணி, கண் எல்லாவற்றையும் யோசித்தோம். ஒரு அடிக்கும் மறு அடிக்கும் நடுவில் போதிய இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் எந்தத் துணிக்கு எந்தச் சத்தம் என்று பிள்ளைகள் குழம்புவார்கள் என்பதைக்கூட யோசித்தோம். ஒரு அடி. நிறுத்தம். ஒரு அடி. நிறுத்தம். எவ்வளவு அழகான திட்டம்! மூவரும் தலையாட்டினோம். மூவர் ஒன்றாய்த் தலையாட்டினால் அது உண்மையாகிவிட்ட மாதிரி இருக்கும். அந்த நொடியில்தான் உள்ளே ஒரு சந்தேக எறும்பாவது ஊர்ந்திருக்க வேண்டும்.

குறித்த காலையில் பாறை நிறையப் பிள்ளைகள். எதிர்மலையில் ஈர்க்குச்சி போல மாஸ்டர், பக்கத்தில் பொட்டுப் போல வெள்ளைத் துணி. கீழே, பள்ளத்தாக்கின் இரண்டு சரிவிலும் கொழுந்து பறிக்கிற பெண்கள், பச்சைக்குள் வண்ண வண்ணத் தலைப்பாகைகள்.

துணி இறங்கியது. மௌனம். அப்புறம், எங்கோ மலையின் வயிற்றுக்குள்ளிருந்து, டம்.

பிள்ளைகள் கூவினார்கள். பூங்காவனம் எழுந்து குதித்தாள். "டீச்சர்! துணி மொதல்ல! சத்தம் பொறவால!" இன்னொரு முறை. துணி... டம். சத்தம் காற்றில் நடந்து வருவதை அவர்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். நானும் திரேசம்மா டீச்சரும் கையைப் பிடித்துக்கொண்டு, வயதை மறந்து, பாறையில் ஒரு சுற்று சுற்றினோம்.

சுற்றி முடித்துக் கீழே பார்த்தேன். தலைப்பாகைகள் அசையாமல் நின்றன. பிறகு ஒன்று அவிழ்ந்தது. பக்கத்தில் ஒன்று. கூடைகள் முதுகிலிருந்து இறங்கின. வேலை நேரத்தில், பாதிகூட நிறையாத கூடைகள் இறங்கின.

"டீச்சர்" என்றார் திரேசம்மா, முகம் சுண்ணாம்பாகி. "ஒத்தை ஒத்தையா, விட்டு விட்டு அடிச்சா, அது எழவுத் தப்பு இல்லீங்களா?"

அதேதான். எங்கள் மலைகளில் விடியக்காலை பெரட்டுத் தப்பு தடதடவென்று வரும். திருவிழாத் தப்பு துள்ளும். ஒற்றை அடி, நிறுத்தம், ஒற்றை அடி என்றால் ஒரே சேதிதான். ஆள் போய்விட்டது; போட்டதைப் போட்டபடி லயத்துக்கு வா. இதைக் கேட்டு வளராத ஆள் எங்கள் மூவரில் ஒருவர்கூடக் கிடையாது. பிள்ளையாய் இருந்தபோது எத்தனை முறை அந்தச் சத்தத்துக்குச் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு ஓடியிருக்கிறோம்! ஆனால் பெஞ்சில் உட்கார்ந்தால் அது ஒலிப் பாடம் ஆகிவிட்டது. புத்தகத்துக்குள் போன தப்பு வேறு தப்பு என்று எப்படியோ நம்பிவிட்டோம்.

எதிர்மலையில் ஜனங்கள் மாஸ்டரைச் சூழ்ந்து "யாரு, யாரு?" என்று கேட்டிருக்கிறார்கள். இடைவெளியை மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தவர் வாயைத் திறந்தால் எண்ணிக்கை விட்டுப்போகும் என்று வானத்தைக் கையால் காட்டி, கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார். "வானத்தக் காட்டிட்டாரு, பெரிய எடந்தான்" என்று அங்கே தீர்மானமாகிவிட்டது. அதைக் கைதட்டிக் கூவி இந்தப் பக்கம் சொல்லிவிட்டார்கள்.

இந்தப் பக்கத்திலோ, அன்றைக்குக் காலை தொரை மலைக்கு வரவில்லை. தோட்டத்து டாக்டர் ஐயா பையோடு பங்களாவுக்கு ஏறிப்போனதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். இரண்டையும் கூட்டினால் விடை என்ன? வகுப்பில் நான் சொல்லிக் கொடுத்த கூட்டல்தான். கூடைகளின் வரிசை லயத்துப் பக்கம் திரும்பாமல், வளைந்து, பங்களாவுக்கு ஏறியது. முதல் விம்மல் மேலே வந்தது. அது மாரியாயியின் குரல்.

ஓடினோம். பிள்ளைகளைப் பெரிய பெண்களிடம் விட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தேயிலைச் செடி புடவையைக் கிழிக்கக் கிழிக்க ஓடினோம். ஒரு தொல்லை வந்தால் என்று தொரை சொன்னது காதில் எழவுத் தப்பு மாதிரி அடித்தது. அஞ்சாங்கிளாஸ் மலைக்கு. அஞ்சாங்கிளாஸ் மலைக்கு. பூங்காவனத்தின் தலையில் கூடைக் கயிறு.

பங்களா முற்றத்துக்கு நாங்கள் வந்தபோது பெண்கள் வட்டம் கட்டி உட்கார்ந்துவிட்டார்கள். பூப்பாத்தியில் கூடைகள். கணக்கப்பிள்ளை கோட்டும் குடையுமாய் நடுவில் ஓடுகிறார். "ஏ, யாரு சொன்னா? யாரு சொன்னா?" யாரும் அவரைப் பார்க்கவில்லை. மாரியாயி மார்பில் அடித்துக்கொண்டு எடுத்தார்.

"பட்டுபட்டுன்னு சைக்கிளு விட்டுப்
பாதையெல்லாம் வந்த ராசா
நட்ட நடு மலையில எங்கள
நட்டுவச்சுப் போனீங்களே..."

கதவு திறந்தது.

தொரை வெளியே வந்தார். அவருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. அதற்குத்தான் டாக்டர் ஐயா. கன்னம் பலாச்சுளையாய் வீங்கி, தாடையிலிருந்து உச்சந்தலை வரை ஒரு வெள்ளைத் துணி, உச்சியில் இரட்டை முடிச்சு. எங்கள் ஆட்கள் வாயைக் கட்டி இப்படி ஒருவரை ஒரே ஒரு சமயத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். அப்படிக் கட்டப்பட்டவர்கள் எழுந்து நடந்து வருவதில்லை.

ஓலம் கூரையைத் தூக்கியது. இரண்டு பேர் மயங்கிச் சாய்ந்தார்கள். "அய்யய்யோ, கட்டுனதுக்கு அப்பறமும் மலையப் பாக்க வந்துட்டாரே!" என்றது ஒரு குரல்.

தொரைக்கு வாய் திறக்க முடியவில்லை. "ன்னா து? ழாரு ஷெத்தது?"

நான் பாய்ந்து முன்னால் போனேன். போய்ச் சொல்லியிருப்பேன்: ஐயா, இது பாடம், நாங்கள்தான், மன்னிக்க வேண்டும் என்று. வாயில் வாக்கியம் தயாராக இருந்தது. திரேசம்மா டீச்சர் என் முந்தானையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க."

"என்னத்தப் பொறுக்க? ஸ்கூல் போகுது!"

"பாட்டக் கேளுங்க டீச்சர். பாட்டக் கேளுங்க."

மாரியாயி கண்ணைத் துடைத்தார். தொரையை நேராக ஒரு முறை பார்த்தார். அப்புறம் குரலை இன்னும் ஒரு படி மேலே ஏற்றினார்.

"அதட்டிப் பேசும் வாய இன்னிக்கி
அசையாமக் கட்டிட்டாங்களே
அஞ்சாம் வகுப்ப அள்ளித் தந்த
அன்னக்கைய மறப்போமா
ஒரு வருசம் போதாதுன்னு
ஊழிக்குமே தந்த ராசா..."

பெண்கள் கூட்டம் சேர்ந்து பிடித்துக்கொண்டது. "தந்த ராசா! தந்த ராசா!" மார்பு அடி ஒரே தாளம். தொரை கணக்கப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். கணக்கப்பிள்ளை வியர்த்து வழிந்து மொழிபெயர்த்தார். "தொரை அஞ்சாங்கிளாஸ் குடுத்த நல்லவருன்னு... எப்பவும் இருக்கும்னு குடுத்தீங்கன்னு... அழுவுறாங்க தொரை."

"ழான் எப்ப குழுத்தேன்?"

மார்பு அடி நின்றது. நான் பேசவில்லை. என் வாழ்க்கையில் நான் எடுத்த மிகச் சரியான முடிவு, வாயை மூடிக்கொண்டு நின்ற அந்த நேரம்தான். அதுவும் முந்தானை இன்னொருவர் கையில் இருந்ததால்.

மாரியாயி எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார். "தொரை உசுரோடதான் இருக்கீங்களா? அம்மாடி, நல்லாயிருங்க! செத்துட்டதா சேதி வந்த ஆளுக்கு ஆயுசு கெட்டிங்க. எங்க அப்பாரு ரெண்டு தடவ அப்பிடிப் பொழச்சாரு." பிறகு குரலைத் தாழ்த்தி, அக்கறையோடு: "ஆனா ஒண்ணுங்க தொரை. ஒப்பாரியில ஒருத்தருக்குச் சொன்ன பெருமைய அவரே திருப்பி எடுக்கக் கூடாதுங்க. எடுத்தா அந்த ஆயுசும் போயிரும்பாங்க. நாங்க என்னத்தக் கண்டோம், பெரியவுங்க சொல்றதுதான்."

கணக்கப்பிள்ளை இதை மொழிபெயர்க்கலாமா என்று தவித்தார். தேவைப்படவில்லை. பங்களா ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. தொரையின் மனைவி, தொரைசானி. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, நிறுத்த முடியாமல் சிரிக்கிறார். டாக்டர் ஐயா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. தொரையும் சிரிக்கத்தான் பார்த்தார், பல் விடவில்லை. "ஆவ்" என்று தாடையைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் என்னைக் கண்டார். நான் அவரிடம் போய் முழு விஷயத்தையும் சொன்னேன்: பாறை, துணி, தப்பு, ஒலி, எல்லாம். மறைக்கவில்லை. அவர் கன்னத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டார்.

"ஷ்கூல் வெச்சுக்கோ" என்றார். "தப்பு குழுத்துழு."

அந்தத் தப்பு எதிர்மலைத் தோட்டத்துடையது என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. பாதியில் விழுங்கினேன்.

அடுத்த சனிக்கிழமை பெஞ்சில் மூவரும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தோம். நிலைய அதிகாரி தப்புக் கதை கேட்டு எங்களுக்கு வெறுந்தேத்தண்ணி அனுப்பினார். கருப்பட்டித் துண்டு வழக்கத்தை விடப் பெரிது. நாங்கள் ஒரு புது வழக்கம் வைத்தோம். எந்தப் பாடத்தை முடிவு செய்தாலும், கடைசியில் ஒரு கேள்வி: இது லயத்தில் எப்படிக் கேட்கும்? மூவரும் தலையாட்டிவிட்டால் போதாது; பெஞ்சில் இல்லாத ஒருவரைக் கேட்டாக வேண்டும். தங்கைகளே, தம்பிகளே, உங்கள் குழுவில் எல்லோரும் ஆசிரியர்களாகவே இருந்தால், நீங்கள் எவ்வளவு யோசித்தாலும் எல்லோரும் ஒரே இடத்தில்தான் யோசிக்காமல் விடுவீர்கள். நாங்கள் காற்றையும் பனியையும் யோசித்தோம், காதை யோசிக்கவில்லை.

அதற்கு அடுத்த பெரட்டுக்கு, முதல் ஆளாக, நான் மாரியாயியை அழைத்து வந்தேன். பெஞ்சில் உட்கார மாட்டேன் என்று கொஞ்சம் பிகு செய்துவிட்டு, நடுவில் உட்கார்ந்து, வெற்றிலையை மடித்தார். பாடங்களை ஒவ்வொன்றாய்ச் சொன்னோம். கிரகணப் பாடத்துக்குத் தலையை ஆட்டி மறுத்தார்: "வயித்துப் பிள்ளக்காரிக இருக்காங்க. மொதல்ல வீடு வீடாச் சொல்லிட்டு நடத்துங்க." திரேசம்மா டீச்சர் அதையும் மனதில் வாங்கிக்கொண்டு சிலுவை போட்டார்.

சந்தேகம் மாஸ்டர் குடைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "எனக்கொரு சந்தேகங்க, மாரியாயி அம்மா. தொரை உசுரோட நிக்கிறாருன்னு ஒங்களுக்கு எப்பத் தெரிஞ்சிச்சு?"

"கதவு தொறந்தப்பவே தெரியும் மாஸ்டரு. செத்த ஆளு மூஞ்சி அவ்வளவு செவப்பா இருக்குமா?"

"அப்பறம் ஏன் பாட்ட நிறுத்தல?"

மாரியாயி எங்கள் மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிள்ளைகளுக்குப் புரியாத கணக்கை நாங்கள் பார்க்கிற அதே பார்வை.

"அவ்வளவு தூரம் ஏறிப்போயாச்சு, சும்மா எறங்கவா?" என்றார். வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். "டீச்சரம்மா, ஆறாம் வகுப்பு வேணும்னாலும் சொல்லுங்க, பாத்துக்கலாம். தப்ப மட்டும் வேற ஆளுகிட்டக் குடுங்க. மாஸ்டருக்குத் தாளம் வரல."